டயலில் எழுதாத பெயர்

அத்தா அதைக் குப்பை என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்த வாரம். அலமாரியை நகர்த்துவதற்காக அத்தாவின், அதாவது என் அப்பாவின், சாமான்களையெல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின். கையில் எடுத்தால் அதன் அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம். மூடியைத் திறந்தேன். உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டி வாச்சு மெஷின்கள். கேஸும் கண்ணாடியும் ஸ்ட்ராப்பும் இல்லை. வெறும் டயலும் அதன் முதுகில் ஒட்டிய பல்சக்கரங்களும். பெரும்பாலானவை புளியங்கொட்டை அளவு. சில அதைவிடச் சின்னவை.

"லேடீஸ் வாச்சும்மா அதெல்லாம்" என்றார் அத்தா. "கேஸ் தங்கம். அதை உருக்கிட்டேன். இது உள்ள இருந்த குப்பை. தூக்கிப் போடு."

அத்தா பாலக்காட்டு மார்க்கெட்டில் நாற்பது வருஷம் பழைய தங்கம் வாங்கி உருக்கியவர். இப்போது எண்பத்தொன்று ஆகிறது. நானும் என் வீட்டுக்காரரும் அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். அவர் ஃப்ரேம் பக்கம். நான் உள்ளறையில் கண் பரிசோதிக்கிறேன். குப்பை என்று சொன்னதை நான் கடைக்குக் கொண்டுபோனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற ஸ்க்ரூவைவிடச் சின்ன ஸ்க்ரூ ஒன்று அதில் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

கடையில் ஸ்லிட் லேம்ப் இருக்கிறது. நோயாளி தாடையை வைத்து உட்கார, கருவிழியைப் பெரிதாக்கிப் பார்க்கிற மைக்ராஸ்கோப். மத்தியானம் ஆள் வராத நேரத்தில், தாடை வைக்கிற கம்பியில் கொஞ்சம் மெழுகு வைத்து, ஒரு மெஷினை முதுகுப்பக்கம் தெரியும்படி ஒட்டினேன். விளக்கைச் சாய்த்து, கண்ணை வைத்தேன்.

எத்தனையோ ஆயிரம் கண்களை அந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி மூச்சு நின்றதில்லை. சிவப்புக் கல் ஒன்றின் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஓர் அச்சின் நுனி. அந்த நுனி முடியைப் போல இருந்தது, ஆனால் முடி அவ்வளவு நேராக இருக்காது. சக்கரம் ஒன்றின் விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றும் ரவையின் ஒரு பொடியைவிடச் சின்னது. ஒவ்வொன்றின் தலையிலும் நேராக வெட்டிய கோடு. தகட்டின் ஓரங்களைக்கூடச் சாய்வாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். வாச்சைக் கட்டியவள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. கடைக்காரனும் பார்க்கப்போவதில்லை. இருந்தும் தேய்த்திருந்தார்கள்.

வெளியே வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஆள் வந்திருக்காங்க, என்ன பண்றே உள்ளே?"

"இங்க வந்து பாருங்க" என்றேன். அவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இது மனுசன் செஞ்சதா?" என்று கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தது யார்?

டின்னில் மொத்தம் நூற்றுப் பதினேழு. டயல்களில் இருந்த பெயர்களை எழுதிக்கொண்டேன். ஐம்பதுக்கு மேல் வந்தது. இத்தனை கம்பெனிகளா என்று மலைத்தேன். பிறகு முதுகுப்பக்கம் பார்க்கப் பார்க்க வேறொன்று பிடிபட்டது. வெவ்வேறு பெயர் போட்ட ஆறு வாச்சுக்குள் ஒரே மெஷின். அச்சு அசலாக ஒன்று. எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒரே பட்டறையில் செய்த ஃப்ரேம் மூன்று கடையில் மூன்று பெயரில் விற்கும். ஆக, டயலில் இருந்த பெயர் விற்றவருடையது. செய்தவர் பெயர் வேறெங்கோ இருக்க வேண்டும்.

எங்கே என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது. பழைய வாச்சுப் பிரியர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கம் ஒன்றில் கேட்டேன். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பார் என்றார்கள். ஊசலாடுகிற அந்தச் சக்கரத்தின் நிழல் விழும் இடத்தில், விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் மட்டும் தெரியும்படி, ஒரு முத்திரை. ஒரு மெஷினில் மூன்று நரம்புள்ள இலை. இன்னொன்றில் சின்ன மணி. பக்கத்தில் இரண்டோ மூன்றோ இலக்கம். அதுதான் செய்த பட்டறையின் அடையாளமும் மெஷினின் எண்ணும். முதல் இலையைக் கண்டுபிடித்த அன்று, ஒளிந்திருந்த ஒருவர் சட்டென்று தலை நீட்டிச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

அளவெடுக்கவும் கற்றுக்கொண்டேன். அவர்கள் கணக்கு மில்லிமீட்டரில் இல்லை, 'லீன்' என்று ஒன்று. ஒரு லீன் என்றால் இரண்டேகால் மில்லிமீட்டர். ஐந்தரை லீன் மெஷின் என்றால் என் கட்டைவிரல் நகத்தில் உட்காரும். அந்த அளவையும் முத்திரையையும் வைத்துக்கொண்டு, பழைய உதிரிப்பாகப் புத்தகங்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஊர்வரைக்கும் போய்விடலாம். சுவிட்சர்லாந்தில் மலைக்கு நடுவே கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். குளிர்காலத்தில் பனி விழுந்து வயல்வேலை நின்றுபோகும் ஊர்கள் என்று படித்தேன். அறுபத்துச் சொச்சம் மெஷினுக்கு ஊர் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒன்றுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. டின்னிலேயே சின்னது அது. மற்றவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அதை மட்டும் பழுப்புக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார் அத்தா. நீளவாக்கில், ஒரு நெல்மணியை இரண்டு மடங்கு பெரிதாக்கின மாதிரி இருந்தது. டயலில் பெயர் கிடையாது. பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியிலும் முத்திரை கிடையாது.

இணையத்தில் ஒருவர் ஒரு வழி சொன்னார். டயலைக் கழற்று. அடியில், குமிழை இழுத்தால் முள் திருப்புகிற நிலைக்கு மாற்றும் தகடு ஒன்று இருக்கும். அதன் வடிவத்தை ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி வெட்டும், கைரேகை மாதிரி. டயலைப் பிடித்திருந்த ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தினேன். அதில் ஒன்று என் மூச்சுக்காற்றில் பறந்துபோய், நானும் வீட்டுக்காரரும் ஒரு மணிநேரம் தரையில் முட்டி போட்டுத் தேடினோம். கடைசியில் என் துப்பட்டாவில் இருந்தது. அதற்குப் பிறகு துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் தொடுவேன்.

அந்தத் தகடு தலை குனிந்த கொக்கு மாதிரி இருந்தது. படமெடுத்துப் போட்டேன். மூன்று வாரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண்மணியிடமிருந்து பிரெஞ்சில் கடிதம் வந்தது. எண்பதைத் தாண்டியவர், அந்த மலையூர் ஒன்றிலேயே பிறந்து அங்கேயே இருப்பவர். போன் மொழிபெயர்த்துத் தந்த தமிழ் நொண்டியது. ஆனாலும் விஷயம் விளங்கியது.

அந்தக் கொக்கு எங்கள் ஊர்ப் பட்டறையுடையது என்று எழுதியிருந்தார். சின்னப் பட்டறை. பாலத்தை ஒட்டி இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. மெஷினில் பேர் போட இடமில்லாத அளவுக்குச் சின்னதாகச் செய்தார்கள், அதனால் போடவில்லை. சக்கரமெல்லாம் பட்டறையில் வெட்டுவார்கள். ஆனால் ஹேர் ஸ்பிரிங் என்கிற சுருள் இருக்கிறதே, அதைப் பொருத்துவது பட்டறையில் நடக்காது. ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வாங்கிப்போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, சுருளின் கடைசி வளைவைக் கையால் வளைத்துத் தருவார்கள். அந்த வளைவு சரியாக இருந்தால்தான் வாச்சு நேரம் காட்டும். ஊரில் இந்த வேலை தெரிந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். என் அம்மா அதில் ஒருத்தி.

கடைசியில் இப்படி ஒரு வரி: "நீங்கள் வைத்திருப்பதை என் அம்மா வளைத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். இவர்களில் ஒருத்தி வளைத்தாள் என்று சொல்வேன்."

எழுந்து ஸ்லிட் லேம்பில் போய்ப் பார்த்தேன். சுருளின் வெளிச்சுற்று ஓர் இடத்தில் மெல்லத் திரும்பி, பக்கத்துக் குட்டி உலோகத் தூணில் செருகியிருந்தது. இத்தனை நாளும் ஏதோ இயந்திரம் வளைத்தது என்று நினைத்திருந்தேன். அது ஒரு பெண்ணின் கை வளைத்தது. இடுக்கியை எப்படிப் பிடித்திருப்பாள், எத்தனை தரம் மூச்சை அடக்கியிருப்பாள் என்று நினைத்தபடி என் இடுக்கியை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அத்தாவைக் கடைக்குக் கூட்டிவந்தேன். "எனக்கு எதுக்கும்மா, கண்ணு ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்றார். "கண்ணு பார்க்க இல்லத்தா" என்று உட்காரவைத்தேன். அதற்குள் அந்த மெஷினை வெள்ளைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவி, ஊசி நுனியில் எண்ணெய் தொட்டு வைத்திருந்தேன். சாவி கொடுக்கிற தண்டு எப்போதோ போய்விட்டது. ஆனால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் சக்கரத்தின் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினாலே சாவி ஏறும். மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ டிரைவரால் மூன்று சுற்று. சக்கரம் ஒருமுறை நடுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

அத்தா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. சுருள் விரிவதையும் சுருங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. அப்புறம், "இதையாம்மா நான் டின்னுல போட்டேன்? டின்னுல போட்டது கொஞ்சம். ஓடையில கொட்டினது எத்தனையோ."

அவரே தொடர்ந்தார்.

"இந்தச் சின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. எலப்புள்ளி ஊர்ப் புள்ள ஒண்ணு. கலியாணம் ஆகி மலைமேல உடும்பஞ்சோலைக்குப் போனவ. அண்ணன்காரன் கப்பல்ல சமையல். ஏடன்ல இருந்து அவளுக்குக் கொண்டுவந்த வாச்சு. தையல் மெஷின் வாங்கணும்னு கொண்டாந்து குடுத்தா. கேஸைத் தனியா எடுத்தேன். உள்ள இருந்தது ஓடிட்டே இருக்கு. 'இது உங்களுக்கு வேணுமா'ன்னு கேட்டா. 'எனக்கு எதுக்கு'ன்னேன். 'அப்ப நிக்கறவரைக்கும் வச்சிருங்க, ஓடறப்ப எறிஞ்சுறாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓடுச்சும்மா. நின்னப்பறமும் எறிய மனசு வரல. காகிதத்துல மடிச்சு வச்சேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் எலப்புள்ளி போனேன். கப்பலில் சமையல் பார்த்தவர் வீட்டையும் அவர் தங்கச்சியையும் பற்றிக் கேட்டதும் ஒரு பெரியவர் கை காட்டினார். "ஏனுங்க, அவரு போயி ரொம்ப வருசமாச்சுங்களே. அந்தத் தங்கச்சியா? அது மலையிலதான் இருக்குதுங்க, மக ஊட்டுல." அண்ணன் மகனிடம் போன் நம்பர் இருந்தது. அங்கேயே நின்று பேசினேன். மகள் எடுத்து அம்மாவிடம் தந்தாள். நான் சொன்னதை அந்தம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "எறியலைங்களா?" என்றார்.

அத்தா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மலைப்பாதை, இந்த வயசில் வேண்டாம் என்றேன். "நான் வாங்கினது. நான்தான் குடுக்கணும்" என்றார். வீட்டுக்காரர் கார் ஓட்ட, மூன்று பேரும் கிளம்பினோம். மெஷினுக்குச் சாவி கொடுத்து, கான்டாக்ட் லென்ஸ் போட்டுவைக்கிற டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு குழியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. தமிழ்நாட்டு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். மடியில் நான் இரண்டு கையாலும் பிடித்திருந்த டப்பாவைக் காட்டி, "அது என்னம்மா?" என்றார் போலீஸ்காரர். திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தவர், காதில் வைத்துக் கேட்டார். திருப்பித் தராமல் இன்னொருவரைக் கூப்பிட்டு, "இங்க வாய்யா, இதைக் கேளு" என்றார். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டு, பத்திரமாகப் போகச் சொல்லி அனுப்பினார்கள்.

மறையூர் வளைவுகளில் அத்தாவுக்குத் தலை சுற்றியது. இரண்டு இடத்தில் நிறுத்தி, முகம் கழுவி, எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம். உடும்பஞ்சோலை சேரும்போது மூன்று மணி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏலத் தோட்டத்தை ஒட்டிய வீடு. வராந்தாவில் தையல் மெஷின். அதற்குப் பின்னால், எழுபதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான அம்மா.

அத்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்கதானுங்க" என்றார்.

"நான்தாம்மா" என்றார் அத்தா. "தங்கம் போயிடுச்சு. இது மட்டும் இருக்கு." டப்பாவை அவரே கொடுத்தார்.

அந்தம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஓடுதா? தெரியலையே கண்ணு." நான் என் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் எப்படிப் பிடிப்பதென்று காட்டினேன். தையல் தெரிந்த கை. ஒரே தரத்தில் பிடித்துவிட்டார்.

"ஐயோ" என்றார். "அடிச்சுக்குது. கோழிக்குஞ்சு நெஞ்சு மாதிரி அடிச்சுக்குது." பூதக்கண்ணாடியை இறக்கவே இல்லை. மகள் கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

"அத்தனை வருசம் கையில கட்டியிருந்தேன், உள்ள இதுதான் இருக்குதுன்னு தெரியாது அம்மிணி" என்றார் கடைசியில். "ஆரு செஞ்சது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பனி விழும் ஊர். ஜன்னலோரம் உட்கார்ந்த பெண்கள். அந்தச் சுருளின் வளைவு. மறுபடியும் கண்ணாடியைப் பிடித்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் புள்ளைக்குக் கண்ணு என்னாச்சு?"

கண் பரிசோதிக்கிறவள் நான். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"ஊசியில நூல் கோத்தே எனக்கு அம்பது வயசுல கண்ணாடி வந்துருச்சு" என்றார் அவர். "இது நூலே இல்லையே கண்ணு. இதைப் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லு."

அத்தா கிளம்பும்போது அந்தம்மா கொஞ்சம் ஏலக்காய் கட்டிக் கொடுத்தார். மெஷினைச் சுற்றி வெள்ளியில் கேஸ் செய்து தருகிறேன் என்று அத்தா சொன்னதற்கு, வேண்டாமென்று தலையாட்டினார். கேஸ் போட்டால் உள்ளே நடப்பது தெரியாதாம். இந்த டப்பாவே போதும் என்றார். சாவி கொடுப்பதற்கு என் ஸ்க்ரூ டிரைவரை விட்டுவந்தேன். மகளுக்கு இரண்டு தரம் செய்து காட்டினேன்.

ஊருக்கு வந்ததும் அந்தச் சுவிஸ் பெண்மணிக்கு எழுதினேன். வாச்சைக் கட்டியிருந்தவர் உங்கள் அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று. பதில் இரண்டு நாளில் வந்தது. இதுவரை யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை என்று ஆரம்பித்திருந்தார். அம்மாவுக்குச் சின்ன வயசிலேயே தூரத்துப் பார்வை ரொம்பக் குறைவு. கிட்டத்தில் நன்றாகத் தெரிந்ததால்தான் அந்த வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள். வேலை நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, சுருளை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வெறுங்கண்ணால் பார்ப்பாள். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பியிருந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். முப்பது வயசிருக்கும். யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் முகத்தின் விளிம்பு உள்நோக்கி மடிந்து தெரியும். எவ்வளவு மடிகிறதோ, அவ்வளவு பவர். போனில் படத்தைப் பெரிதாக்கி, அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் ஒன்பதுக்குக் குறையாது. அதைத் தயங்கித் தயங்கி எழுதி அனுப்பினேன்.

"வலக்கண் ஒன்பதரை. இடக்கண் ஒன்பது. அவளுடைய கண்ணாடிச் சீட்டு என்னிடம் இருக்கிறது" என்று பதில் வந்தது. "எழுபது வருஷத்துப் படத்தைப் பார்த்து உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

கடையில் உட்கார்ந்து அதை மூன்று தரம் படித்தேன். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் கண்ணை, அவள் மண்ணோடு போன பிறகு, பாலக்காட்டிலிருந்து நான் பரிசோதித்திருக்கிறேன்.

படத்தை உடும்பஞ்சோலைக்கு அனுப்பினேன். மகளின் போனிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம், யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தேன் கண்ணு. தலைமுடியை எப்படி இழுத்துக் கட்டியிருக்குது பாரு. வேலை செய்யறவ கட்டற கட்டு. நல்ல புள்ள."